வாடகைக்கு ஒரு கலைப்படைப்பு

கலைப்படைப்பை வாடகைக்கு விடலாமா? கவிதையைப் பற்றி இக்கேள்வி எழுவதில்லை, கட்டடக்கலையில் எழுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிரர் ஏரிக்கு மேலே மரங்களிடையே நிற்கும் சேத் பீட்டர்சன் குடில் அதற்கொரு விடையாக நமக்குத் தோன்றுகிறது.

880 சதுர அடியே கொண்ட இவ்வீட்டை ஃபிராங்க் லாய்ட் ரைட் 1958இல் வடிவமைத்தார். மறு ஆண்டே மறைந்தார். அவரை வற்புறுத்தி இதனைப் பெற்ற சேத் பீட்டர்சன், ரைட்டிடம் பயில விரும்பி இடம் கிடைக்காமல் போன இளைஞர். கட்டுமானம் முடியும் முன்பே, 1960இல், அவர் தற்கொலை செய்துகொண்டார். கனவு கண்டவரும் வரைந்தவரும் ஓர் இரவுகூட அங்கு வாழவில்லை.

1966இல் மாநில அரசு பூங்காவுக்காக இவ்விடத்தை வாங்கி, வீட்டைப் பலகையடித்து மூடிவிட்டது. இருபதாண்டுகளுக்கும் மேலாக மழையும் பனியுமே அதில் குடியிருந்தன. 1989இல் ஆர்வலர்கள் அமைப்பொன்றைத் தொடங்கிச் சீரமைத்தனர். 1992 முதல் விருந்தினர்கள் வாடகை கொடுத்து அங்கே தங்குகிறார்கள்.

இதனை அருங்காட்சியகமாக்கியிருக்க வேண்டும் என்று தூய்மைவாதிகள் சொல்லக்கூடும். நாம் உடன்படவில்லை. மீஸ் வான் டெர் ரோ 1951இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் இல்லினாய்ஸில் அவ்வாறே காக்கப்படுகிறது. அது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஒரு மணி நேரப் பார்வையாளர் காண்பது வடிவத்தை மட்டுமே. கணப்பில் தீ மூட்டி, கண்ணாடிச் சுவரில் இருள் ஏறுவதைப் பார்த்திருந்து, விடியலில் காப்பி போட்டுக் குடிப்பவருக்கே அது வீடாகிறது. இத்தனை சிறிய இடம் ஏன் நெருக்கவில்லை என்பதை அவர் உடம்பால் அறிகிறார். நாவலின் அட்டையைப் பார்ப்பதற்கும் நாவலை வாசிப்பதற்கும் உள்ள தொலைவு இது.

வாடகை எல்லோருக்கும் எட்டுவதன்று. வந்து தங்குவோரால் தேய்மானமும் உண்டு. இவ்விரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவ்வீட்டைச் சிதைத்தது எவருடைய கைரேகையும் அல்ல. எவரும் வராத அந்த ஆண்டுகளே. நூலகப் புத்தகத்தின் ஓரங்கள் மடங்குகின்றன என்பதற்காக யாரும் நூலகத்தைப் பூட்டுவதில்லை.

பீட்டர்சனுக்கு வாய்க்காத இரவுகள் இன்று முன்பின் அறியாதவர்களுக்கு வாய்க்கின்றன. அவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் இருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.