டாக்டரிடம் சொல்லாத வேண்டுதல்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் கூட்டத்தைச் சற்றே நின்று பாருங்கள். பிள்ளை வரத்துக்காக நடப்பவர், பரீட்சைக்காக நடப்பவர் இவர்களுக்கு நடுவே, மாதக் கணக்கில் தூக்கமில்லாமல் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் மகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் தாயாரும் இருப்பார். பாதை 14 கிலோ மீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொரு சந்நிதியிலும் மகளின் நெற்றியில் திருநீறு இடுவார்.

மறுவாரம் மனநல டாக்டரிடம் போகும்போது இதை அவர் சொல்வாரா? பெரும்பாலும் மாட்டார். 'படித்தவர், சிரிப்பாரோ' என்ற பயம். "ஒரு மண்டலம் விரதம் இருக்கட்டும், மாத்திரை வேண்டாம்" என்று யாரோ சொன்னதையும் மறைத்துவிடுவார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே! லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர் தண்ணீர்கூட அருந்தாமல் விரதமிருந்தால், ரத்தத்தில் அதன் அளவு ஏறி விஷமாகிவிடக்கூடும்.

டாக்டர்களிலும் விஷயம் புரிந்தவர்கள் உண்டு. நம் ஊரில் குழந்தை 'பயந்துவிட்டது' என்று வேப்பிலை அடிக்கிறோம் அல்லவா? மெக்சிகோ நாட்டவர் அதையே 'சுஸ்தோ' என்கிறார்கள். அவர்களுக்கும் மந்திரிப்பவர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் தன் கைநூலில் அந்தச் சொல்லைச் சேர்த்தது. 2013-இல், நோயாளியிடம் கேட்க 16 கேள்விகளையும் வகுத்துக் கொடுத்தது. "உங்கள் வீட்டார் இதை என்னவென்று நினைக்கிறார்கள்?" என்று விசாரிக்கும் தோரணையில் அவை அமைந்திருக்கின்றன. நம் பாட்டி கேட்கிற கேள்விதான்!

பெங்களூர் நிமான்ஸ் டாக்டர்கள் தமிழ்நாட்டிலுள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து, 2002-இல் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத் தங்கல். துணைக்கு ஒரு உறவினர், பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகள், அவ்வளவுதான். நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால், இதை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது.

ஆனால் கோயில், தர்கா என்றாலே அன்பு என்று எண்ணிவிட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது.

ஆகவே, டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள்: "இன்ன வேண்டுதல் இருக்கிறது, இத்தனை நாள் விரதம், மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம்?" சிரிக்கிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லையா? அரசாங்கத்தின் 14416 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.