கொல்லிமலையிடம் யாரும் கேட்கவில்லை

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட், லாரி லாரியாக மேட்டூர் மால்கோ ஆலைக்கு இறங்கியது. லாபம் லண்டன் பங்குச்சந்தையில் இருந்த வேதாந்தா குழுமத்துக்குப் போனது. காரம் கலந்த சிவப்புக் கழிவு மேட்டூரிலேயே தங்கிவிட்டது. சுற்றுச்சூழல் கேடு, மனித உரிமை மீறல் என்று காரணம் காட்டி, 2007இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் வேதாந்தாவோடு மால்கோவையும் பெயர் சொல்லி விலக்கியது. நார்வேக்குத் தெரிந்திருக்கிறது!

2008இல் கொல்லிமலைச் சுரங்கம் நின்றது. மலையாளிப் பழங்குடியினரின் சொல்லை மதித்து அல்ல; சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்ததால். ஒடிசாவில் அதே வேதாந்தா ஆலைக்காக நியமகிரியைத் தோண்ட முயன்றபோது, கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 கிராம சபைகளும் மறுத்தன. மலை தப்பியது.

தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. ஆனால், நியமகிரிக்குக் கைகொடுத்த 2006 வன உரிமைச் சட்டம் இங்கும் செல்லும். மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழும் தலித் குடும்பங்களும் அதில் உரிமை கோரலாம். தனிப்பட்டாவோடு நின்றுவிடக் கூடாது. சமூக உரிமைக்கு ‘பி’ படிவம், சமூக வன வளத்துக்கு ‘சி’ படிவம். அடுத்த நிறுவனம் குத்தகை கேட்டு வருவதற்குள், கல்லூரி போகும் பிள்ளைகள் இந்த இரண்டையும் நிரப்பிக் கிராம சபையில் வைக்கட்டும்.