வண்டுக்கு டெண்டர் கிடையாது
மழைக்காலம் நெருங்கினால் ஏரிக்குள் பொக்லைன் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளும் படம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டும் அதே படம். (அள்ளுவதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், லாரி வாடகை கொடுத்து அதைக் கரையேற்றுகிறோம்.) எனக்கு அதன் கூட்டாளி சல்வீனியாதான் நினைவுக்கு வரும். பிரேசிலின் இந்த மிதக்கும் பெரணி 1939இல் கொழும்புக்கு வந்து இலங்கை நீர்நிலைகளையும், பின்னர் கேரளத்தின் குட்டநாட்டு வயல்களையும் மூடியது. பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றுச் சமவெளியில் சுமார் 250 சதுர கிலோமீட்டர்! படகு நகராமல், மீனும் சந்தையும் எட்டாமல், சில கிராமங்களே காலியாயின. ஒடிந்த துண்டெல்லாம் புதுச் செடியாகும் என்பதால் வெட்டியும் பயனில்லை. அதைத் தின்னும் பூச்சியைத் தேடியவர்களோ முதலில் அதன் உறவுச் செடியில் இருந்த வண்டைக் கொண்டுவந்து ஏமாந்தார்கள். பரவிய சல்வீனியா தனி இனம் என்று 1972இல் தெரிந்தது. தென்கிழக்குப் பிரேசிலில் அதன் பிறந்தகம் 1978இல் அகப்பட்டது. அங்கிருந்து வந்த இரண்டு மில்லிமீட்டர் வண்டு சில ஆண்டுகளில் செபிக்கைத் திறந்துவிட்டது. செடியை உற்றுப் பார்த்து இனம் பிரிக்கிற அந்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு யாரும் டெண்டர் விடுவதில்லை. ஆகாயத்தாமரைக்கும் வண்டு உண்டு, 1980களில் பெங்களூர் ஏரிகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாம் சாக்கடையைத் திறந்துவிட்டுச் செடிக்கு உரம் போட்டுக்கொண்டே இருந்தால் வண்டு எவ்வளவுதான் தின்னும்?