பெட்டிக்குள் ஒரு நீல ஒளி

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

"விளக்குப் போட்டால் கணிப்பொறி வேகமாக ஓடுமா?" வகுப்புத் தோழர்கள் முதல் எதிர்வீட்டுப் பெரியவர் வரை என்னைக் கேட்காதவர் இல்லை. ஓடாது. அணுவளவும் ஓடாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆயினும், கணிப்பொறிப் பெட்டிக்குள் வண்ண எல்.இ.டி. விளக்குப் பொருத்துவது வீண் ஆடம்பரம் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயுதபூசைக்கு லாரிக்கும் லேத்துக்கும் சீரியல் விளக்குக் கட்டும் ஊரில் இருந்துகொண்டு இதைக் குறை சொல்வது என்ன நியாயம்?

எங்களைப் போன்ற வீடுகளில் கணிப்பொறி எப்படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ ஏழை வீடுகளுக்குள் அந்த இயந்திரம் நுழைந்தது. நுழைந்தது உண்மை, திறந்து பார்த்தோமா? மஞ்சள் குங்குமம் வைத்தோம், துணியால் மூடினோம், "தொடாதே, கெட்டுவிடும்" என்றோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். எனக்கும் அந்த அச்சம் இருந்தது. பழைய விலைக்கு வாங்கிய என் மேசைக் கணிப்பொறியின் பக்கத் தகட்டை ஓராண்டு வரை நான் கழற்றியதே இல்லை. விளக்கு ஆசைதான் என் கையில் திருப்புளியைக் கொடுத்தது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், மலிவாகக் கிடைத்த ஓர் எல்.இ.டி. பட்டையை வாங்கி வந்தேன். அது 5 வோல்ட் பட்டை. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கம்பிகளில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை. நானோ வீட்டு மின்சாரத்தில் சிவப்புக் கம்பிதான் ஆபத்து என்று கேட்டு வளர்ந்தவன். ஆகவே சிவப்பை விட்டு மஞ்சளில் இணைத்தேன். கண்ணிமைக்கும் நேரம் எரிந்தது. பிறகு நாற்றம்தான்!

இரண்டாம் முறை 12 வோல்ட் பட்டை வாங்கினேன். அதை மூன்று மூன்று விளக்காகத்தான் வெட்ட முடியும். ஏன் மூன்று? உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு மூன்றுக்கும் அரிசியிலும் சிறிய ஒரு மின்தடை. மேலே '151' என்ற எண். அதாவது 15-க்குப் பின் ஒரு சுழி, 150 ஓம். நீல விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வீதம் மூன்றுக்கு 9 போக, மீதி 3 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் 150 ஓம்! ஓம் விதியைத் தேர்வில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்றுதான் அதை நேரில் கண்டேன். (மின்சாரத்தைத் துண்டித்துவிட்டே கை வையுங்கள், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.)

கடையிலேயே விளக்குப் பொருத்திய பெட்டியை வாங்குவோரைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அது வெறும் விளக்கு.

என் தந்தையார் சிப்காட்டில் ஓர் உருட்டாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதன் சூட்டைச் சொல்வார். சிவப்பைவிட மஞ்சள் சூடு, மஞ்சளைவிட வெளுப்பு சூடு. இரவுப்பணி முடிந்து வந்தவர் பெட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னாடா, இவ்ளோ நீலமா எரியுது, உள்ள எல்லாம் உருகிடாதா?" அவர் கேட்டது சரியான கேள்வி. இரும்பின் நிறம் சூட்டால் வருவது, எல்.இ.டி.யின் நிறமோ அது செய்யப்பட்ட பொருளால் வருவது. சிவப்பு எல்.இ.டி. 1962-இல் வந்துவிட்டது. பிரகாசமான நீலம் கைகூட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் அதற்காக 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதையெல்லாம் சொன்னேன். அவர் விரலை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புதான். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

நிற்க. கழிவென்று ஒதுக்கிய பழைய கணிப்பொறி ஒன்றை, முதலாண்டு மாணவர்கள் கழற்றிப் பார்க்க நம் கல்லூரியிலும் கொடுத்தால் என்ன? விளக்குப் பட்டையை நான் வாங்கி வருகிறேன்.