தொழிலைக் காப்பாற்றுவது என்றால் யாரைக் காப்பாற்றுவது?

2019 ஆகஸ்டில் ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர், "ஆர்டர் இல்ல தம்பி, கூப்பிட்டா வா" என்றார். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் நான் பார்த்த ஐந்தாண்டு வேலை அந்த ஒரு வரியில் முடிந்தது. கடிதம் இல்லை, இழப்பீடு இல்லை. அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் திருப்பி வாங்கிக் கொண்டார்கள்.

அடுத்த மாதம், செப்டம்பர் 20 அன்று, ஒன்றிய அரசு பெருநிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு. வாகனத் தொழில் முடங்கிக் கிடந்த நேரம் அது. முதலாளிக்கு வரி குறைந்தது. எனக்கு வேலை போனது. இதற்குப் பெயர்தான் மறுசீரமைப்பாம்!

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரிலும் குஜராத்தின் சனந்திலுமாக ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. உதிரிபாக ஆலைகளிலும் கேன்டீனிலும் வேன் ஓட்டியும் பிழைத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆறே நாளில், செப்டம்பர் 15 அன்று, வாகனத் துறைக்கு 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டுக்கும் விற்பனை உயர்வுக்கும் கணக்குக் காட்டினால் பணம் வரும். வேலை இழந்தவனைத் திரும்ப எடுத்தாயா என்று கேட்பதற்கு அதில் இடமில்லை.

தோழர்களே, இந்தத் தொழிலை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று பொருளாதார நிபுணர்கள் எழுதுகிறார்கள். மின்வாகனத்துக்கு மாறு, ஏற்றுமதியைப் பெருக்கு, தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்து என்கிறார்கள். இவற்றில் எங்கேயும் சாதி என்ற சொல் வராது. ஆலைக்குள் சாதி இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு ஷிப்ட் உள்ளே நின்று பாருங்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் வார்ப்பு, பெயின்ட், ஸ்கிராப் பிரிவுகளில் பெரும்பாலும் எங்கள் சேரிப் பையன்களும் வட மாநிலத்து ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் இருந்தோம். தர ஆய்வு, பண்டகசாலை, மனிதவளம் எல்லாம் வேறு ஆட்கள். ஒரே மெஷினில் ஒரே வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எனக்கு. யாரும் என்னிடம் சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டாலே போதும்.

இது புதிய கதையல்ல. பம்பாய் நூற்பாலைகளில் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாத மக்களை விடவில்லை. நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், தீட்டுப் பட்டுவிடும் என்பது காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது இதைக் கோரிக்கையாக வைக்கச் சொல்லி அண்ணல் அம்பேத்கர் போராடினார். இன்று நூலும் இல்லை, எச்சிலும் இல்லை. ஒப்பந்தம் என்ற ஒற்றைச் சொல் அந்த வேலையைச் செய்கிறது.

நிலத்தின் கதையும் இதுதான். இந்த ஆலைகள் நிற்பது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில். அங்கே பறையர் மக்கள் நிலமின்றி அடிமைப்பட்டுக் கிடந்ததை ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வித்திட்டது அந்த அறிக்கை. நூறாண்டு கழித்து ஆலைக்கு நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாவில் பெயர் இருந்தவருக்குப் போனது. அந்த நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்ட என் அம்மா போன்றவர்களுக்கு இருந்த கூலி வேலையும் போனது.

அமெரிக்காவைப் பாருங்கள். 2009இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸுக்கு அந்த அரசு ஏறத்தாழ 5,000 கோடி டாலர் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. ஏறத்தாழ 60 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. தலைமை நிர்வாகியை வெளியேற்றியது. ஆனால் அங்கும் சுமை இளைஞர் தலையில்தான் விழுந்தது. புதிதாகச் சேருபவருக்கு ஏறத்தாழப் பாதிக் கூலி என்று 2007இல் வந்த இரட்டைக் கூலி முறையை உடைக்க 2023 வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே டெட்ராய்ட்டில் 1968இலேயே கறுப்பினத் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் நிறவெறியை மட்டுமல்ல, தங்கள் சங்கத்தின் மௌனத்தையும் எதிர்த்துத் தனியே திரண்டார்கள். நம் சங்கங்களும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, மக்கள் பணத்தை வாங்கும் நிறுவனத்தில் மக்களுக்குப் பங்கு வேண்டும். ஆலையை மூடினால் வாங்கிய சலுகையைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது, நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தரத் தொழிலாளர். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலேயே பல பத்தாண்டுகளாக இருந்தது. அமல்படுத்தத்தான் ஆள் இல்லை. இப்போது புதிய சட்டத் தொகுப்பு, 300 பேருக்குக் குறைவான ஆலையை அரசு அனுமதியின்றி மூடலாம் என்கிறது. உதிரிபாகச் சிற்றாலைகளில் வேலை பார்ப்பவர்களின் கதி என்ன?

மூன்றாவது, தனியார் துறையில் இட ஒதுக்கீடு. அதன் முதல் படியாக, அரசு நிலமும் சலுகையும் பெற்ற ஒவ்வொரு ஆலையும் நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி, துப்புரவு என்று பிரித்துச் சாதிவாரிக் கணக்கை வெளியிடட்டும்.

நான்காவது, மின்வாகனத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், புகைக்குழாய் செய்யும் வேலைகள் குறையும். மறுபயிற்சி ஒப்பந்தத் தொழிலாளியிடமிருந்து தொடங்கட்டும்.

ஐந்தாவது, எதைச் செய்கிறோம் என்பதையும் மாற்ற வேண்டும். சேரி முனைக்கே வராத பேருந்து எத்தனை ஊரில் இருக்கிறது! அரசு ஆண்டுதோறும் பேருந்து வாங்கினால் ஆலைக்கு நிலையான ஆர்டர் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கமாகும்.

இப்படியெல்லாம் கேட்டால் முதலீடு குஜராத்துக்குப் போய்விடும் என்பார்கள். இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லாதபோதுதான் ஃபோர்டு சென்னையிலும் குஜராத்திலும் ஒரே நாளில் மூடுவதாகச் சொன்னது. தகுதி போய்விடும் என்பார்கள். ஐந்தாண்டு என் கையால் போன உதிரிபாகங்களோடு எத்தனையோ வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றில் உட்கார்ந்து போகிறவர்கள் யாரும் என் தகுதியைக் கேட்டதில்லை.

மறைமலை நகர் ஆலையை மீண்டும் திறக்கப்போவதாக 2024இல் ஃபோர்டு அறிவித்ததும் ஊரெல்லாம் கொண்டாடினார்கள். நல்லது, திறக்கட்டும். ரிப்பன் வெட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: "கூப்பிட்டா வா" என்று அனுப்பினீர்களே, எங்களை எப்போது கூப்பிடுவீர்கள்?