சாப்பிடப் போவம், ஆனா யார்ட கடைக்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து வேலை கிடைத்து வந்த என்ர மச்சாள் போன மாதம் ஒரு மெசேஜ் அனுப்பினாள். "கொழும்பில எங்க நல்லாச் சாப்பிடலாம்? ஒரு லிஸ்ட் போட்டு அனுப்படி."

பத்து நிமிசத்தில் அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகுதான் அதைத் திரும்ப வாசித்தேன். எட்டுக் கடை. எட்டும் காலி வீதியில், வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில். எட்டிலும் காசு வாங்குகிறவர் எங்கட தமிழ்தான் கதைப்பார். பிறந்ததிலிருந்து இந்த நகரத்தில் இருக்கிற எனக்கு, சாப்பாடு என்றதும் ஞாபகம் வந்தது ஒரே ஒரு றோட்டு.

இதில் என்ன பிழை, நாக்குக்குப் பழகினதைத்தானே தேடுவம் என்று நீங்கள் கேட்கலாம். நாக்கு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எங்கட வீடுகளில் கடைகளைப் பற்றிக் கதைக்கிறதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "அது எங்கட ஆக்களின்ர கடை, நம்பிச் சாப்பிடலாம்." "அங்க வேண்டாம், என்னத்தப் போடுறாங்களோ தெரியாது." ருசியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

முகம் தெரியாத ஒருவர், எங்களுக்குத் தெரியாத குசினியில் சமைத்ததை நாங்கள் வாயில் வைக்கிறோம். வெளியில் சாப்பிடுவது என்றால் அதுதான். அந்த நம்பிக்கையை உடைத்தால் என்ன நடக்கும் என்று இந்த நாடு பார்த்திருக்கிறது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கிளம்பியது. கடையைத் தாக்கினார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்தால் அது வெறும் மாக்கட்டி.

அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அதற்குப் பிறகு, முஸ்லிம்களின் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற மெசேஜ்கள் போனுக்குப் போன் பறந்தன. எங்கட குடும்பக் குரூப்பிலும் வந்தது. நான் அதை போர்வர்ட் பண்ணவில்லை. எதிர்த்து ஒரு வரி எழுதவும் இல்லை. மாசத்தில் இரண்டு தரமாவது போகிற கொத்துக் கடை ஒன்று இருந்தது. அதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருசம் நாங்கள் போகவில்லை. போகக்கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சும்மா போகாமல் விட்டோம்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பொரளையிலும் புறக்கோட்டையிலும் கடைகள் எரிக்கப்பட்ட சனத்தின் பிள்ளைகள் இதைச் செய்தோம். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. இன்னும் பின்னுக்குப் போனால் எங்கட கதையும் அவ்வளவு சுத்தமில்லை. சாதியைக் காட்டித் தேத்தண்ணிக் கடைக்குள் விடாமல் ஆக்களை வெளியில் நிற்பாட்டிய ஊர் யாழ்ப்பாணம். 1957ல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. வந்தும், 1960களில் போராடித்தான் அந்த வாங்குகளில் இருக்க வேண்டியிருந்தது. யாரோடு இருந்து, யார் கையால் என்ற கணக்கு எங்களுக்குப் பழசு.

இந்த நகரத்தின் சாப்பாடோ அந்தக் கணக்கைக் கேட்கிறதே இல்லை. சிங்களவர் அளுத்கடே என்கிறார்கள், நாங்கள் புதுக்கடை என்கிறோம். இடமும் ஒன்று, அர்த்தமும் ஒன்று. பின்னேரத்துக்குப் பிறகு அங்கே தெருவே அடுப்பாகிவிடும். காலிமுகத்திடலில் 'இஸ்ஸோ வடே' என்று விற்கிறார்களே, இஸ்ஸோ சிங்களம், வடை எங்கட. கொத்து என்ற சொல்லை மூன்று சமூகமும் அப்படியே சொல்கிறது. கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் பிட்டுக்குப் பாபத் கறி வைப்பார்கள். பிட்டு நாங்கள் சாப்பிடுகிற அதே பிட்டுத்தான், பக்கத்தில் மாட்டுக்குடல்.

எல்லாரும் எல்லாத்தையும் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சைவக்காரர் சைவமாகவே இருக்கட்டும். ஹலால் பார்க்கிறவர் பார்க்கட்டும். மாடு வேண்டாம் என்றால் வேண்டாம். அது தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. யார் சமைத்தது என்ற கேள்வி வேறு. இரண்டாவதைக் கேட்க வெட்கமாக இருக்கிறபோதுதான் முதலாவதைச் சாட்டுகிறோம்.

போன மாதமே மச்சாளுக்குப் புது லிஸ்ட் ஒன்று போட்டேன். பம்பலப்பிட்டி கிறீன்லண்ட்ஸில் தோசை, அதை நான் விடமாட்டேன். கொள்ளுப்பிட்டி பிலாவூஸில் இரவு பிந்திச் சீஸ் கொத்து. மருதானை புஹாரியில் புரியாணி. டச்சு பேர்கர் யூனியனில், வாழையிலையில் பொதிந்து வரும் லம்ப்ரைஸ். அது கலப்பு இறைச்சி, பன்றியோ மாடோ சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கோ. பிறகு, உன்ர ஒபிசுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை சிங்களத்தில் மட்டும் இருக்கிற ஏதாவது ஒரு பத் கடே. மத்தியானம் போய் பொலோஸ் கறியோடு ஒரு சோத்துப் பார்சல் வாங்கு. சிங்களம் தெரியாவிட்டால் கறிச்சட்டியைக் கையால் காட்டு, போடுவார்கள்.

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருசம் கேஸுக்கும் தட்டுப்பாடு. எத்தனையோ சின்னக் கடைகள் அந்த நேரம் அடுப்பை அணைத்தன. தாக்குப்பிடித்து நிற்கிற கடைகளில், எங்கட ஆக்களின்ர கடைக்கு மட்டும்தான் காசு போகவேணும் என்று கணக்குப் பார்ப்பது எனக்குச் சின்னத்தனமாகப் படுகிறது.

அந்தக் கொத்துக் கடைக்கு நான் திரும்பப் போன நாளில், தகட்டில் கொத்திக்கொண்டிருந்த நானா நிமிர்ந்து பார்த்தார். "என்ன மகள், கன நாளாக் காணல்ல?"

"எக்ஸாம், நானா" என்றேன். அவருக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்காது. வழக்கம்போல எனக்கு உறைப்புக் கூடத்தான் போட்டார்.

உங்கட லிஸ்டையும் ஒருக்கா எழுதிப் பாருங்கோ. எழுதி முடித்த பிறகு, அது எத்தனை றோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கோ.