ஓட்டல்காரர்களே, நீங்களும் எழுதுங்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

நம் ஊரில் தன்வரலாறு எழுதுகிறவர்கள் யார்? அரசியல்வாதி, அதிகாரி, எழுத்தாளர், நடிகர். நமக்கெல்லாம் சோறு போட்ட ஓட்டல்காரர் எழுதுவது மிக அபூர்வம். அவர்தான் முதலில் எழுத வேண்டும், அதுவும் சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டும் என்பது என் கட்சி.

ஆலெக் லெ சூயர் என்பவர் 1988இல் திபெத்தின் லாசாவுக்குப் போய், ஹாலிடே இன் ஓட்டலில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். 'உலகின் கூரையில் ஒரு ஓட்டல்' என்று பொருள்படும் தலைப்பில் அதைப் புத்தகமாக எழுதினார். லாசா இருப்பது சுமார் 3,650 மீட்டர் உயரத்தில். உயரம் கூடினால் கொதிநிலை குறையும் என்று நான் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? அங்கே தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. உங்களுக்கு அது ஒரு மார்க் கேள்வி, ஓட்டல்காரருக்கு மதியச் சாப்பாட்டுப் பிரச்சினை. அந்த ஓட்டலில் 'ஹார்ட் யாக் கஃபே' என்று ஓர் உணவகம். யாக் இறைச்சி பர்கர் அதன் பெருமை. இந்த வேடிக்கைகளுக்கு நடுவேதான் 1989 மார்ச்சில் லாசாவில் ராணுவச் சட்டம் வந்தது. ஒரு ஊரின் சரித்திரம் அடுப்படி வழியாகவும் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம்மிடம் சரக்கு குறைவா? 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து சிதம்பரத்தில் மெஸ் நடத்தியவர்களை நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்ததும் பின்வாசல் வழியாக மறையும் மாணவர்கள், அளவுச் சாப்பாடா அளவில்லாச் சாப்பாடா என்ற தீராத வழக்கு, ஆருத்ரா தரிசனத்தன்று ஆயிரம் பேருக்குக் கொத்சு கரைத்த கை, மறுநாள் ஈ ஓட்டிய அதே கை. பிச்சாவரம் பக்கம் கடை போட்டவரைக் கேளுங்கள். சென்னையிலிருந்து வந்தவர் தில்லை மரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார். அதன் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்கி முடிப்பதற்குள் இங்கே தோசை கருகியிருக்கும்.

சிரிப்பு மட்டுமில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடாமல் இட்லிக்கு எப்படி மாவு ஆட்டினார்கள்? காசில்லாமல் வந்தவரை என்ன சொன்னார்கள்? சேத மதிப்பு அரசு அறிக்கையில் இருக்கும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஓட்டல்காரர் நினைவில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யாருக்கு வெளியே தனி டம்ளர் என்பதும் ஓட்டல் சரித்திரம்தான். பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957இல் சென்னையில் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பழைய டிகிரி காபியின் மணத்தை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால், அது பாதி இலைச் சாப்பாடு.

எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சிரிப்பு முதலாளி மேல் விழட்டும். சப்ளையரின் இங்கிலீஷையும் பாத்திரம் கழுவும் அம்மாவின் வெகுளித்தனத்தையும் கேலி செய்து பக்கம் நிரப்புவது சுலபம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களிடம் கேட்டால், முதலாளியைப் பற்றி இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்கும்.

பழைய கடைகள் மூடிக்கொண்டே வருகின்றன. நடத்தியவர்களுக்கு எண்பது வயதாகிறது. உங்களில் பலர் ஓட்டல்காரர் வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து போனில் ரெக்கார்டை அழுத்துங்கள். "கடையில உங்களை ஏமாத்தினவங்க யாரு தாத்தா?" என்று ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகு அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

கேட்டதை எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, திருத்தித் தருகிறேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்